ஊசி, லேசர், ஃபில்லர்: அழகு சிகிச்சை கெட்டுப்போனால் சட்டத்தில் வழி என்ன?

"கத்தி இல்லை, தையல் இல்லை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து போட்டுக்கொண்டு போகலாம்." ஸ்கின் கிளினிக் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. கத்தி இல்லை என்பது உண்மைதான். ஆனால் தோலுக்குள் மருந்து போகிறது, லேசர் சுடுகிறது, ஊசி ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் நுழைகிறது. போடாக்ஸ் (சுருக்கம் குறைக்கும் ஊசி), ஃபில்லர் (தோலுக்கடியில் நிரப்பும் ஊசி), லேசர், கெமிக்கல் பீல் (ரசாயனத்தால் மேல்தோலை உரிப்பது), பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் ஊசி), த்ரெட் லிஃப்ட் (நூல் கோத்துத் தோலைத் தூக்குவது), ஹேர் டிரான்ஸ்பிளான்ட் எல்லாமே சட்டத்தின் கண்ணில் மருத்துவ சிகிச்சைதான். அது தவறிப்போனபின் நுகர்வோர் வழக்கு நடத்தும் வக்கீல்களிடம் மக்கள் கேட்கும் கேள்விகளையும், தமிழ்நாட்டில் இருப்பவருக்குப் பொருந்தும் பதில்களையும் இங்கே தருகிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் காகிதங்களைப் பார்த்த ஒரு வக்கீலின் பேச்சுதான் முடிவானது.

ஃபில்லர் போட்ட கொஞ்ச நேரத்தில் தோல் வெளுத்து, வலிக்கிறது. நான் யாரிடம் புகார் கொடுக்க வேண்டும்?

இப்போது யாரிடமும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்தால் தோல் முதலில் வெளுக்கும், பிறகு வலை பின்னியது போல நீலம் பாயும், வலி கூடும். மூக்கிலும் புருவங்களுக்கு நடுவிலும் போடும்போது இந்த ஆபத்து அதிகம். பார்வை மங்கினால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கண் மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும். ஹையலுரானிக் ஆசிட் வகை ஃபில்லரைக் கரைக்க ஹையலுரானிடேஸ் என்ற மருந்து உண்டு. அதைக் கையில் வைத்திருக்காமலே ஃபில்லர் போடும் கிளினிக் இருந்தால், பின்னால் வழக்கில் அதுவே அவர்களுக்கு எதிராகப் பேசும். "நாளைக்குச் சரியாகிவிடும், ஐஸ் வையுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்த பதிலையும் அழிக்காமல் வைத்திருங்கள். சரி, சட்டத்துக்கு வருவோம்.

லேசருக்குப் பிறகு கன்னம் கருத்துவிட்டது. இது மருத்துவரின் தவறா?

கருத்தது என்பதை வைத்து மட்டும் தவறு என்று சொல்லிவிட முடியாது. பலருக்கு ஏமாற்றம் தருகிற பதில் இதுதான்.

ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் இது: அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் எடுத்திருக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா? ஊரிலேயே சிறந்த நிபுணர் என்ன செய்திருப்பார் என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. பலன் கெட்டதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது.

ஆனால் லேசர் விஷயத்தில் கேட்க நிறைய இருக்கிறது. நம் ஊர்த் தோலில் நிறமி அதிகம். லேசர் ஒளியை அந்த நிறமியே உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளைத்தோலுக்கு வைக்கும் அளவை மாநிறத் தோலில் வைத்தால் சுட்டுவிடும், சுட்ட இடம் மாதக்கணக்கில் கருத்து நிற்கும். அதனால்தான் நம் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்.டி.யாக் லேசர் பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். காதுக்குப் பின்னாலோ தாடை ஓரத்திலோ சின்ன இடத்தில் அடித்துப் பார்த்து, சில நாள் பொறுத்து, பிறகுதான் முகத்தில் அடிப்பார்கள். இதை டெஸ்ட் பேட்ச் என்பார்கள்.

ஆகவே நுகர்வோர் ஆணையத்தில் எடுபடும் கேள்விகள் வேறு. எந்த மெஷின்? என்ன அளவு வைத்தார்கள்? டெஸ்ட் பேட்ச் போட்டார்களா? சமீபத்தில் வெயிலில் அலைந்தீர்களா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்களா? இதெல்லாம் உங்கள் கேஸ் ஷீட்டில் (கிளினிக் வைத்திருக்கும் சிகிச்சைப் பதிவில்) எழுதப்பட்டிருக்கிறதா? "முகம் கருத்தது" என்று வாதாடுவதைவிட, "டெஸ்ட் பேட்ச் இல்லை, அளவு எழுதப்படவில்லை, இயக்கியவர் யாரென்றே தெரியவில்லை, அதனால் கருத்தது" என்று வாதாடுவது பத்து மடங்கு பலம்.

போடாக்ஸ் போட்டபின் ஒரு பக்கக் கண்ணிமை தொங்குவதும் இப்படித்தான். தெரிந்த பக்கவிளைவு, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒழுங்காகப் போட்டும் தொங்கினால் வழக்கு நிற்பது கடினம். சொல்லவே இல்லை என்றால் கதை வேறு.

எந்தக் காயமும் இல்லை. ஆனால் சொன்ன மாதிரி வரவில்லை. வழக்கு போடலாமா?

"இளமையாகத் தெரிவீர்கள்" என்று சொன்னார்கள், தெரியவில்லை என்பது வழக்காகாது. "ஆறு சிட்டிங்கில் முடி நிரந்தரமாகப் போய்விடும், உத்தரவாதம்" என்று எழுத்தில் கொடுத்தார்கள் என்றால் ஆகலாம். மருத்துவத்தில் பலனுக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. தந்திருந்தால் அது சேவைக் குறைபாட்டோடு நியாயமற்ற வணிக நடைமுறையாகவும் மாறுகிறது. அப்படி எழுதிய விளம்பரத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கன்சென்ட் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "எது நடந்தாலும் கிளினிக் பொறுப்பல்ல" என்று அதில் இருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். இந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்தே பாதிப்பேர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். கையெழுத்து போட்டதால், தெரிந்த ஆபத்துகளை ஏற்றுக்கொண்டீர்கள் என்று மட்டுமே ஆகும். அவர்களுடைய கவனக்குறைவை மன்னிப்பதாக யாரும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிட முடியாது.

சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சம்மதம் பற்றி விரிவாகப் பேசியது. என்ன செய்யப்போகிறோம், ஏன், என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லி வாங்கியதுதான் சம்மதம். ஒரு பரிசோதனைக்கு வாங்கிய சம்மதத்தை வைத்து வேறொரு சிகிச்சையைச் செய்ய முடியாது. அந்த வழக்கில் பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வாங்கப்பட்டது அவருடைய சம்மதம் அல்ல, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவின் சம்மதம்.

அழகு சிகிச்சையில் இதற்கு இன்னும் எடை அதிகம் என்பது என் கருத்து. வயிறு வெடிக்கிற நிலையில் வந்தவரிடம் எல்லாவற்றையும் விளக்க நேரமிருக்காது. மூக்கு நுனியை உயர்த்த வந்தவருக்கு அவசரம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்து அடுத்த வாரம் வரச் சொல்லலாம். அவரிடம் ரிசப்ஷனிலேயே டேப்லெட்டை நீட்டி "இங்கே ஒரு சைன்" என்று வாங்கினால் அதைச் சம்மதம் என்று சொல்வது கஷ்டம்.

ஃபார்மில் நான் முதலில் தேடுவது மொழி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் நாலு பக்கம் ஆங்கிலத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அடுத்து, எல்லா சிகிச்சைக்கும் ஒரே ஃபார்மா என்று பார்ப்பேன். போடாக்ஸுக்கும் லேசருக்கும் ஹேர் டிரான்ஸ்பிளான்டுக்கும் ஒரே தாள் என்றால் அதில் எந்த ஆபத்தும் குறிப்பாக எழுதப்பட்டிருக்காது. அப்புறம் தேதி, நேரம், யார் விளக்கினார்கள் என்ற பெயர். காலி இடங்களைப் பிறகு நிரப்பியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க, கையெழுத்துப் போடும்போதே போனில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.

ஊசி போட்டது டாக்டரே இல்லை, பார்லரில் வேலை செய்யும் பெண். என்ன செய்வது?

அப்படியானால் உங்கள் வழக்கு பலமானது, அவர்கள் நிலைமை மோசம். போடாக்ஸில் இருக்கும் போட்டுலினம் டாக்ஸின் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே தரக்கூடிய மருந்து. ஃபில்லர் மருத்துவ சாதனமாக ஒழுங்குபடுத்தப்பட்டது. மூன்று மாத காஸ்மெட்டாலஜி சான்றிதழ் யாருக்கும் ஊசி போடும் உரிமையைத் தருவதில்லை. பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இன்னொரு பழைய தீர்ப்பும் இங்கே உதவும். ஹோமியோபதி படித்த ஒருவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த பூனம் வர்மா வழக்கில் (1996), தனக்குப் பயிற்சி இல்லாத மருத்துவ முறையில் கை வைத்ததே கவனக்குறைவு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது ஊசியை எப்படிப் போட்டார் என்ற ஆராய்ச்சிக்கே போக வேண்டியதில்லை.

ஹேர் டிரான்ஸ்பிளான்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2016-இல் சென்னையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் முடிமாற்று சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். அந்த இடம் சலூனாக மட்டுமே உரிமம் வாங்கியிருந்தது அப்புறம்தான் வெளியே வந்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் முடிமாற்று சிகிச்சைக்கு வழிகாட்டுதல் தந்தபோது, பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொண்டு இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலவரம் புரியும்.

பல இடங்களில் நடப்பது பாதி மருத்துவம்: கன்சல்டேஷனுக்கு டாக்டர் வருவார், இரண்டு நிமிடம் பேசுவார், லேசரை டெக்னீஷியன் அடிப்பார். டாக்டரின் மேற்பார்வையில் உதவியாளர் செய்யும் சில வேலைகள் உண்டு. மேற்பார்வை என்றால் டாக்டர் அந்தக் கட்டடத்தில், கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் வேறு கிளையில் இருந்தார் என்பதை உங்கள் அப்பாயின்ட்மென்ட் மெசேஜே காட்டிக்கொடுக்கலாம்.

உங்களுக்குச் சிகிச்சை தந்தவர் பதிவுபெற்ற மருத்துவரா என்று தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். கிளினிக்குக்கு உரிமம் உண்டா என்பதை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும்.

டாக்டர் மேலா, கிளினிக் மேலா, போர்டில் பெயர் உள்ள பெரிய கம்பெனி மேலா?

எல்லோர் மேலும் போடுங்கள். எந்த டாக்டர் செய்தார் என்று தெரியவில்லை என்றாலும் கிளினிக் தப்பிக்க முடியாது. சவிதா கார்க் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: மருத்துவமனையை எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் போதும், கவனக்குறைவு இல்லை என்று காட்டுவது மருத்துவமனையின் வேலை. டாக்டர் சம்பளத்துக்கு இருக்கிறாரா, வந்துபோகிறவரா என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. பிரான்சைஸ் கிளையாக இருந்தால் "அது தனி முதலாளி" என்று தலைமைக் கம்பெனி சொல்லும். உங்கள் பில் யார் பெயரில் இருக்கிறது, விளம்பரம் யாருடையது என்பதைக் காட்டி இருவரையும் இழுக்கலாம்.

டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்தில் வரமாட்டார்கள் என்று கிளினிக் மேனேஜர் சொல்கிறாரே?

முப்பது வருடம் பழைய வாதம். சென்னை உயர் நீதிமன்றம் 1994-இல் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. அடுத்த ஆண்டே, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் ‘சேவை’தான் என்றது. 2019-இல் வந்த புதிய நுகர்வோர் சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லையே என்று மறுபடி வழக்கு போட்டார்கள். 2022-இல் அதுவும் எடுபடவில்லை. 2024 மே மாதம், வக்கீல்கள் நுகர்வோர் சட்டத்தில் வரமாட்டார்கள் என்று தீர்ப்பளித்த அமர்வு, சாந்தா தீர்ப்பையும் மறுபடி பார்க்கலாமே என்று ஒரு வரி சேர்த்தது. அந்த ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அது தேவையில்லை என்று முடித்துவிட்டது. (வக்கீல்களுக்கு விலக்கு, டாக்டர்களுக்கு இல்லை. இதைப் பற்றி டாக்டர் நண்பர்களிடம் வாய் திறக்காமல் இருப்பதே எனக்கு நல்லது.)

எங்கே வழக்கு போடுவது? செலவு எவ்வளவு?

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில். நீங்கள் சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்டம்தான். கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்பது கணக்கில் வராது. அழகு சிகிச்சைக்கு 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தவர் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய்.

2019 சட்டத்தின் பெரிய நன்மை, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்பது. பெங்களூரில் லேசர் செய்துகொண்ட கோயம்புத்தூர்க்காரர் கோயம்புத்தூரில் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. பேக்கேஜ் பணம் திரும்பக் கேட்கும் வழக்கென்றால் அப்படியே செய்யுங்கள். முகத்தில் தழும்பு, கண் பார்வை என்று மருத்துவச் சான்றுகளோடு மோத வேண்டிய வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். இன்னும் 15 நாள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றமே 2020-இல் சொல்லிவிட்டது. வழக்கை மூன்றிலிருந்து ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் அது வருடக்கணக்கு. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

காத்திருக்க முடியாது, சண்டையும் வேண்டாம் என்பவர்களுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் உண்டு. மருத்துவமனைச் சேவை அதன் வரம்பில் வருகிறது, கட்டணம் இல்லை.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?

இரண்டு ஆண்டு. எப்போதிலிருந்து என்பதுதான் சிக்கல். கண்ணுக்குத் தெரியும் காயம் என்றால் அன்றிலிருந்தே கணக்கு. உள்ளே மறைந்திருந்து பிறகு வெளிப்பட்டால், நியாயமான அக்கறையுள்ள ஒருவர் எப்போது கண்டுபிடித்திருப்பாரோ அன்றிலிருந்து.

அந்த "நியாயமான அக்கறை" எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஸ்ரீகண்டே வழக்கு (2010) உதாரணம். பித்தப்பை அறுவையின்போது வயிற்றில் துணி விடப்பட்ட பெண், ஒன்பது வருடம் வலியோடு இருந்துவிட்டு, துணி வெளியே எடுக்கப்பட்டபின் வழக்குத் தொடர்ந்தார். இவ்வளவு நாள் வலித்தும் ஏன் விசாரிக்கவில்லை, அதுவும் நீங்களே ஒரு நர்ஸ் ஆயிற்றே என்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது.

கிளினிக்குகள் இதை நன்றாகப் பயன்படுத்துகின்றன. "இன்னும் நாலு சிட்டிங் ஃப்ரீயாகப் போடுகிறோம், சரியாகிவிடும்" என்று ஒன்றரை வருடத்தை ஓட்டிவிடுவார்கள். இலவச சிட்டிங்குக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் தோல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. இரண்டு வருடக் கணக்கை அதற்காக நிறுத்திவைக்காதீர்கள். தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் காரணம் எழுத்தில் வேண்டும்.

வழக்குக்கு என்னென்ன வேண்டும்?

இதைத்தான் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டும்; அந்த வாரத்தில் தூங்கிவிட்டால் பிறகு எந்த வக்கீலும் முழுதாக மீட்டுத்தர முடியாது.

முதலில் கேஸ் ஷீட். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நீங்கள் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் உங்கள் ஆவணங்களைத் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள், இமெயிலிலோ பதிவுத் தபாலிலோ கேளுங்கள். தரவில்லை என்றால் அதுவே தனிப் புகாருக்குக் காரணம், ஆணையமும் அதை அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளும். தந்தார்கள் என்றால் இன்னும் நல்லது: மருந்தின் பெயர், எத்தனை யூனிட், பேட்ச் எண், லேசர் அளவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஃபில்லர் பெட்டியோடு பேட்ச் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். ஒழுங்கான கிளினிக் அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டும், இன்னொன்றை உங்களுக்கும் தரும். ஸ்டிக்கரே இல்லை என்றால் போட்டது அசல் சரக்கா என்ற சந்தேகமே வருகிறது.

அப்புறம் படங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். சிகிச்சைக்கு முன்னால் எடுத்த கல்யாண ஃபோட்டோ, ஆபீஸ் ஐடி கார்டு ஃபோட்டோகூட உதவும், ஏனென்றால் "அந்தக் கருமை முன்பே இருந்தது" என்பதுதான் அவர்களுடைய முதல் பதில். பில் வேண்டும். ஜி-பேயில் யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்கு அனுப்பியிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். டிஸ்அப்பியரிங் மெசேஜ் போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

கடைசியாக, வேறொரு தோல் மருத்துவரைப் பாருங்கள், அவர் எழுதும் சீட்டை வாங்குங்கள். யார் தவறு செய்தார் என்று அவர் எழுத வேண்டாம். "கன்னத்தில் தீக்காயத்துக்குப் பிந்தைய கருமை, இத்தனை சென்டிமீட்டர்" என்று அவர் கண்டதைத் தேதியோடு எழுதினால் போதும்.

எந்த டாக்டரும் இன்னொரு டாக்டருக்கு எதிராக எழுதித் தரமாட்டேன் என்கிறார்கள். நிபுணர் கருத்து இல்லாமல் ஜெயிக்க முடியுமா?

எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று கிஷண் ராவ் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் சொன்னது. தகுதியில்லாதவர் ஊசி போட்டார், வலது கன்னத்துக்குப் பதில் இடது கன்னம் என்பதெல்லாம் யாருக்கும் புரியும். ஆனால் லேசர் அளவு சரியா, ஃபில்லரை எந்த ஆழத்தில் வைத்தார்கள் என்பதற்கு நிபுணர் தேவை. தனியார் மருத்துவர் தயங்கினால், அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் துறைக்கோ பிளாஸ்டிக் சர்ஜரி துறைக்கோ அனுப்பிக் கருத்து கேட்கும்படி ஆணையத்திடமே மனு போடலாம்.

போலீஸில் புகார் கொடுத்தால் உடனே கைது செய்வார்களா?

பதிவுபெற்ற டாக்டர் என்றால் மாட்டார்கள். கிரிமினல் வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும். ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி, சுதந்திரமான மருத்துவ நிபுணரிடம், முடிந்தால் அரசு மருத்துவரிடம், கருத்து கேட்ட பிறகே போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டால் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை. பார்லர் ஊழியர் அந்த ‘மற்றவர்’. மரணம் இல்லாமல் காயம் மட்டும் என்றால் 125-ஆம் பிரிவு. முகம் நிரந்தரமாக விகாரமாவதும், ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவதும் சட்டத்தில் கொடுங்காயம். அதற்கு மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. பணத்துக்காகப் போலீஸ் ஸ்டேஷன் போவது பெரும்பாலும் நேர விரயம். போலி டாக்டருக்கு எதிராகப் போவது அப்படியல்ல.

மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுத்தால் இழப்பீடு கிடைக்குமா?

கிடைக்காது. எச்சரிக்கை தரலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்து சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். டாக்டர்கள் பயப்படுவது இதற்குத்தான். நுகர்வோர் வழக்கோடு சேர்த்தே இதையும் நடத்தலாம்.

எவ்வளவு இழப்பீடு எதிர்பார்க்கலாம்?

அமெரிக்காவில் குணால் சாகா குடும்பத்துக்குக் கிடைத்த சுமார் 6 கோடியைச் சொல்லி ஆரம்பிப்பவர்கள் உண்டு. முதலில், அது அமெரிக்கா அல்ல, கொல்கத்தா. 2013-இல் நம் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. இரண்டாவது, அது ஒரு உயிர் போன வழக்கு. மறுபக்கம் பாருங்கள்: மேலே சொன்ன சமீரா கோலிக்குக் கிடைத்தது 25,000 ரூபாய், அதோடு மருத்துவருக்கு ஃபீஸ் கிடையாது என்ற உத்தரவு.

டெல்லி நட்சத்திர ஓட்டல் சலூனில் முடியைத் தவறாக வெட்டியதற்கு 2021-இல் தேசிய ஆணையம் 2 கோடி ரூபாய் கொடுத்ததும், 2023-இல் உச்ச நீதிமன்றம் ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். முடி வெட்டிய வழக்குதான், ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். மன உளைச்சல் என்று ஒரு வார்த்தை எழுதினால் தொகை வராது. சரிசெய்ய ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவுக்கு மருத்துவமனை தந்த மதிப்பீடு, சம்பளமில்லா விடுப்பு, தள்ளிப்போன நிச்சயதார்த்தம், எடுத்துக்கொண்ட மனநல ஆலோசனையின் சீட்டு என ஒவ்வொன்றுக்கும் தாள் வையுங்கள்.

ஐந்து சிட்டிங் மீதி இருக்கிறது. "பணம் திரும்பத் தரமாட்டோம்" என்று பில்லில் அச்சடித்திருக்கிறார்கள்.

அச்சடித்ததால் சட்டமாகிவிடாது. குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, பில்லில் சொன்ன காலத்துக்குள் அல்லது 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பாமல் இருப்பதை 2019 சட்டமே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. வக்கீல் நோட்டீஸ் போனதுமே பாதி கிளினிக்குகள் இறங்கி வந்துவிடும். மாதத்தவணைக் கடனில் எடுத்த பேக்கேஜ் என்றால் கடன் கொடுத்த கம்பெனிக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள்; தவணையைச் சொல்லாமல் நிறுத்தினால் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும்.

இன்ஸ்டாகிராமில் ஒரு நடிகை சொன்னதை நம்பி வெள்ளையாகும் டிரிப் போட்டுக்கொண்டேன்.

இந்த டிரிப்பில் பொதுவாக ஏற்றப்படும் குளுட்டாதயோன் ஊசி தோல் நிறத்துக்கென்று இந்தியாவில் அனுமதி பெற்றது அல்ல. அதை உங்களிடம் சொல்லாமல் ஏற்றியிருந்தால் அது சம்மதத்தில் உள்ள ஓட்டை. விளம்பரத்தைப் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் செய்யலாம். தவறான விளம்பரத்துக்கும் அதில் நடித்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட அதற்கு அதிகாரம் உண்டு. அந்தப் பணம் உங்களுக்கு வராது.

என் பக்கமும் தவறு இருந்தால்?

சன்ஸ்கிரீன் போடச் சொன்னார்கள், போடவில்லை. பீல் முடிந்த மூன்றாம் நாள் மகாபலிபுரம் கடற்கரையில் எடுத்த செல்ஃபி உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் தேடுவார். சாப்பிட்ட மருந்தை மறைத்தது, ஃபாலோ-அப் போகாதது எல்லாம் தொகையைக் குறைக்கும், சில சமயம் வழக்கையே சாய்க்கும். உங்கள் வக்கீலிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பணம் தருகிறோம், ஆனால் கூகுள் ரிவ்யூவை அழித்துவிட்டு எழுதிக்கொடு என்கிறார்கள். ரிவ்யூ போட்டதற்கு அவதூறு வழக்கும் போடுவார்களாம்.

நடந்ததை மட்டும், உங்களிடம் ஆதாரம் உள்ள அளவில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். "கொலைகார டாக்டர்" என்று எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சமரசம் கெட்ட விஷயமில்லை, நானே பல பேருக்கு அதைத்தான் சொல்வேன். கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியது ஒன்று: தழும்பு இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நிலையில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிக்கு ஒப்புக்கொண்டால், ஆறு மாதம் கழித்துத் திருத்த அறுவை தேவைப்படும்போது அந்தச் செலவு உங்கள் தலையில்தான். காப்பீடும் கைகொடுக்காது, அழகு சிகிச்சையைப் பொதுவாக மெடிக்ளெய்ம் பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. திருத்தச் செலவுக்கான மதிப்பீட்டை முதலில் வாங்குங்கள், தொகையை அதன் பிறகு பேசுங்கள், பணம் வங்கிக்கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.